பிறக்கப்போகும் மகனுக்குச் சுன்னத் செய்ய ஒப்புதல் கேட்கிறார்கள். நோய்த்தடுப்பு என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

#1 கொள்ளிடத்தான்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். மனைவிக்கு 35ஆவது வாரம். பையன் என்று ஸ்கேனிலேயே சொல்லிவிட்டார்கள். போன வாரம் மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பதியப் போனபோது ஒரு கட்டுத் தாள் கொடுத்தார்கள். தடுப்பூசித் தாளுக்கும் காது கேட்கும் சோதனைத் தாளுக்கும் நடுவில், குழந்தைக்குச் சுன்னத் செய்ய ஒப்புதல் தாள் ஒன்று இருந்தது.

எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் கிடையாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பேன். ஆனால் அங்கே இருந்த அம்மா, இது மதத்துக்காகச் செய்வதில்லை, நோய் வராமல் தடுக்கச் செய்வது என்றார். எச்ஐவி வரும் வாய்ப்பு 60 சதவீதம் குறையும், சிறுநீர்த் தொற்று பத்தில் ஒரு பங்காகிவிடும் என்றார். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நம் வீட்டில் வழக்கமில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய நல்லது ஒன்றைத் தடுக்கிறோமோ என்று அன்றிலிருந்து இருவருக்கும் சரியான தூக்கம் இல்லை.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்த 60 எங்கிருந்து வந்தது? என் பிள்ளைக்கு அது பொருந்துமா?

#2 எடிசன்அம்மா

எனக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் 2014இல் நியூ ஜெர்சியில் பிறந்தான். எங்களிடமும் இதே தாளைக் கொடுத்தார்கள். பிரசவக் களைப்பில் ஒன்றும் யோசிக்கவில்லை, கையெழுத்துப் போட்டோம். மறுநாள் காலை தூக்கிக்கொண்டு போனார்கள், கொஞ்ச நேரத்தில் திரும்பக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறை டயப்பர் மாற்றும்போதும் வாசலின் தடவி வைக்கச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அத்தோடு மறந்தும் போனோம்.

அவனுக்கு ஐந்து வயது ஆனபோது சிறுநீர் நேராகப் போகாமல் மேலே சீறும். கழிப்பறைச் சுவர் நனையும். வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்து நான் திட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு, சிறுநீர் வரும் துளை சுருங்கியிருக்கிறது, சுன்னத் செய்த பிள்ளைகளில் சிலருக்குப் பின்னால் இப்படி வரும் என்றார். சின்னச் சிகிச்சைதான், சரியாகிவிட்டது. ஆனால் அந்த ஆறு மாதம் அவனைத் திட்டியது இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

இரண்டாமவனுக்குச் செய்யவில்லை. பள்ளியில் உடை மாற்றும் அறையில் மற்ற பையன்கள் கேலி செய்வார்கள் என்று தெரிந்தவர்கள் பயமுறுத்தினார்கள். இதுவரை அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இங்கே இப்போது பாதிக்குப் பாதிதான் செய்துகொள்கிறார்கள்.

#3 நாஷ்வில்_குமரன்

நான் அமெரிக்காவில் குழந்தை மருத்துவம் படித்து அங்கேயே வேலை செய்கிறேன். இந்த மாதிரி இடங்களில் ஒரு பக்கம் மட்டும் பேசப்படுகிறது, மறுபக்கத்தை நான் சொல்கிறேன்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல் வெளியிட்ட அறிக்கை, பலன்கள் ஆபத்துகளை விட அதிகம் என்று தெளிவாகச் சொன்னது. சிறுநீர்த் தொற்று குறைகிறது, ஆணுறுப்புப் புற்றுநோய் குறைகிறது, எச்ஐவி, ஹெர்பிஸ், எச்பிவி ஆகிய பால்வினைத் தொற்றுகள் குறைகின்றன. பிறந்த குழந்தைக்குச் செய்யும்போது உடனடிச் சிக்கல் ஏறத்தாழ 500இல் ஒன்று. 14 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து 2014இல் வந்த ஆய்வு ஒன்று, ஒரு வயதிலிருந்து ஒன்பது வயதுக்குள் செய்தால் சிக்கல் பிறந்த குழந்தைக்கு வருவதைப் போல் 20 மடங்கு, பத்து வயதுக்கு மேல் 10 மடங்கு என்று கண்டது. பெரியவனானதும் அவனே முடிவு செய்யட்டும் என்று சொல்வது சுலபம். அதற்கு ஒரு விலை உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சிறுநீர்த் தொற்று சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். இரண்டு மாதக் குழந்தை காய்ச்சலோடு வந்தால் அட்மிட் செய்து, இரத்தம் எடுத்து, சில சமயம் முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்கிறோம். அந்தத் தாய்மார்கள் அழுவதை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

#4 டாக்டர்_செவ்வந்தி

மதுரைப் பக்கம் குழந்தை அறுவை மருத்துவராக இருக்கிறேன். குமரன் சொன்ன எண்கள் எல்லாம் சரி. ஆனால் அதே 2012 அறிக்கையில் அடுத்த வரியும் உண்டு. எல்லா ஆண் குழந்தைகளுக்கும் வழக்கமாகச் செய்யுங்கள் என்று பரிந்துரைக்கும் அளவுக்கு அந்தப் பலன் பெரிதல்ல, முடிவு பெற்றோருடையது என்பது அந்த வரி. அறிக்கை வந்த மறு ஆண்டே, டென்மார்க்கைச் சேர்ந்த மார்ட்டன் ஃபிரிஷ் தலைமையில் 38 மருத்துவர்கள் அதே கழகத்தின் இதழில் மறுப்பு எழுதினார்கள். பெரும்பாலும் ஐரோப்பியர்கள். இதை வழக்கமாகச் செய்யும் நாட்டில் இருந்துகொண்டு பார்ப்பதால் உங்களுக்குப் பலன் பெரிதாகத் தெரிகிறது என்பது அவர்கள் வாதம். கழகம், நீங்கள் செய்யாத நாடுகளில் இருந்து பார்க்கிறீர்கள், அதுவும் ஒரு சாய்வுதான் என்று பதில் சொன்னது. நெதர்லாந்து மருத்துவச் சங்கம் 2010இலேயே, நோயில்லாத சிறுவனுக்குச் செய்வதை ஊக்குவிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. கனடா 2015இல் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றது. ஒரே ஆய்வுகளைத்தான் எல்லோரும் படித்தார்கள்.

இப்போது சிறுநீர்த் தொற்று. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவைச் சேர்த்து 2005இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. உடல் குறை எதுவும் இல்லாத ஆண் குழந்தைகளில் நூற்றில் ஒருவருக்கு அந்தத் தொற்று வருகிறது. ஒரு தொற்றைத் தடுக்க 111 குழந்தைகளுக்குச் சுன்னத் செய்ய வேண்டும். அதே ஆய்வில், சிறுநீர் பின்னோக்கிச் சிறுநீரகத்துக்குப் போகும் கோளாறு கடுமையாக உள்ள பிள்ளைகளில் நான்கு பேருக்குச் செய்தாலே ஒரு தொற்று தடுக்கப்படுகிறது. திரும்பத் திரும்பத் தொற்று வருபவர்களில் 11. அப்படிப்பட்ட குழந்தைகள் என்னிடம் வந்தால் நானே பெற்றோரைச் சம்மதிக்க வைத்துச் செய்வேன், செய்தும் இருக்கிறேன். நூறு சதவீதம் எதிர்ப்பாளர் என்று என்னை நினைக்க வேண்டாம்.

இன்னொன்று. குமரன் சொன்ன 500இல் ஒன்று என்பது உடனடியாக வரும் இரத்தக் கசிவு, கிருமித் தொற்று போன்றவை. எடிசன்அம்மாவின் மகனுக்கு ஐந்து வயதில் வந்தது அந்தக் கணக்கில் ஏறாது.

#5 நாஷ்வில்_குமரன்

சரிதான் டாக்டர், துளை சுருங்குவது பின்னால் வருவதால் அந்தக் கணக்கில் விட்டுப்போகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 111 என்பதை ஏன் பெரிய எண்ணாகப் பார்க்க வேண்டும்? தடுப்பு மருத்துவத்தில் இதைவிடப் பெரிய எண்களை ஏற்றுக்கொள்கிறோமே.

#6 டாக்டர்_செவ்வந்தி

ஏற்றுக்கொள்கிறோம். தடுப்பூசி போட்டால் கையில் ஒரு புள்ளி, இரண்டு நாள் காய்ச்சல். இங்கே உடலின் ஒரு பாகம் போகிறது, திரும்ப வராது. தடுக்கப்படும் தொற்றும் பெரும்பாலும் மருந்தில் குணமாவது. எண்ணை எண்ணோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது என்கிறேன்.

#7 ஏரிக்கரை

முதல் பதிவில் கேட்ட அந்த 60க்கு நான் பதில் சொல்கிறேன். 2009 முதல் மூன்று ஆண்டுகள் கென்யாவில் கிசுமு நகரில், ஒரு சுகாதாரத் திட்டத்தில் தரவு சேகரிக்கும் வேலையில் இருந்தேன். விக்டோரியா ஏரிக் கரையில் இருக்கும் ஊர். அந்த மூன்று ஆண்டுகளும் எனக்குச் சுன்னத் கணக்குதான் வேலை.

மூன்று பெரிய ஆய்வுகள் நடந்தன. தென்னாப்பிரிக்காவில் ஆரஞ்ச் ஃபார்ம் என்ற இடத்தில் 3,274 பேர், கிசுமுவில் 2,784 பேர், உகாண்டாவின் ராக்காயில் 4,996 பேர். எல்லோரும் வளர்ந்த ஆண்கள், தாங்களே முன்வந்தவர்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு உடனே செய்தார்கள், மீதிப் பேரைக் காத்திருக்கச் சொன்னார்கள். மூன்று இடத்திலும் பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், காத்திருப்பவர்களை மேலும் காக்க வைப்பது நியாயமில்லை என்று ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 60 சதவீதம் ஆரஞ்ச் ஃபார்மில் 2005இல் வந்த எண். கிசுமுவில் 53, ராக்காயில் 51. அந்தக் கடைசி இரண்டும் 2007இல் வெளிவந்தன. அதே ஆண்டு மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது.

இந்த எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்கிறேன். கிசுமுவில் இரண்டு ஆண்டுகளில், செய்துகொள்ளாத 100 பேரில் நான்கு பேருக்கு எச்ஐவி வந்தது. செய்துகொண்ட 100 பேரில் இரண்டு பேருக்கு. அதாவது சுமார் 50 பேருக்குச் செய்தால் இரண்டு ஆண்டில் ஒருவர் தப்பிக்கிறார். அந்தப் பகுதியில் அப்போது பெரியவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு எச்ஐவி இருந்தது. வாரக் கடைசியில் எங்காவது ஒரு சாவு வீட்டுக்குப் போகாத நண்பரே எனக்கு அங்கே இல்லை. அந்த ஊரில் 50க்கு ஒருவர் என்பது மலையளவு பலன். இன்று வரை அந்தத் திட்டத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

அமெரிக்காவில் பெரியவர்களில் எச்ஐவி இருப்பது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. அங்கே அது பரவும் முக்கிய வழி ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான உறவு. இந்த மூன்று ஆய்வுகள் நிரூபித்தது, பெண்ணிடமிருந்து ஆணுக்கு வருவதைத் தடுப்பது மட்டும். ஆணிடமிருந்து பெண்ணுக்குப் போவதைக் கூடத் தடுக்கவில்லை. ராக்காயில் எச்ஐவி உள்ள ஆண்களுக்குச் செய்து பார்த்தார்கள். மனைவிமாருக்குப் பலன் எதுவும் தெரியவில்லை என்று 2009இல் எழுதினார்கள்.

கொள்ளிடத்தான், உங்கள் பிள்ளை டெக்சாஸில் பிறக்கிறான். அவனுக்கு இந்தப் பலன் தேவைப்படுமானால் அது இன்னும் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்துத்தான். அதற்குள் உலகம் எங்கே போயிருக்கும் என்று பாருங்கள். 2024இல் லெனகாபவிர் என்ற ஊசியைத் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இளம் பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்டார்கள். ஒருவருக்குக் கூட எச்ஐவி வரவில்லை.

#8 கொள்ளிடத்தான்

ஏரிக்கரை அண்ணா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். மனைவி ஒன்று கேட்கச் சொன்னாள். அந்த ஊர் மக்களுக்கு அது பழக்கமில்லாத விஷயம்தானே, எப்படி ஒத்துக்கொண்டார்கள்?

#9 ஏரிக்கரை

நல்ல கேள்வி. அங்கே பெரும்பான்மையான லுவோ மக்களுக்குச் சுன்னத் வழக்கமில்லை. பழைய காலத்தில் பருவம் வந்ததன் அடையாளமாகக் கீழ்வரிசை முன்பற்கள் ஆறை எடுப்பார்கள். சுற்றியிருக்கும் மற்றச் சமூகங்கள் சுன்னத் செய்பவை. செய்யாதவன் இன்னும் பையன்தான், அவன் நாட்டை ஆளலாமா என்று அரசியல் மேடையிலேயே பேசிய நாடு அது. 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் நடந்த வன்முறையில் லுவோ ஆண்கள் சிலரைப் பிடித்து வலுக்கட்டாயமாக வெட்டிய கொடுமையும் நடந்தது. நான் போனபோது அந்தக் காயம் ஆறவில்லை. ஒரே அறுவை, ஒருவனுக்குத் தானாகக் கேட்டு வாங்கும் பாதுகாப்பு, இன்னொருவனுக்கு வாழ்நாள் அவமானம்.

அதனால் திட்டத்தில் எல்லோரும் மிகக் கவனமாக இருந்தார்கள். ஊர்ப் பெரியவர்களோடு மாதக்கணக்கில் பேச்சு நடந்தது. அப்போது பிரதமராக இருந்த ரைலா ஒடிங்கா, அவரே லுவோ, வெளிப்படையாக ஆதரித்தார். இது நம் மரபை மாற்றுவதல்ல, மருந்து மாதிரி என்று சொல்லித்தான் கொண்டுபோனார்கள். வருபவர் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசுவோம். ஆறு வாரம் உறவு கூடாது, இது முழுப் பாதுகாப்பு இல்லை, ஆணுறை தொடர்ந்து வேண்டும் என்று சொல்லி, அவர் வாயாலேயே திரும்பச் சொல்ல வைப்போம். பகலில் வர வெட்கப்படுபவர்களுக்காக இரவில் நடத்திய முகாம்களும் உண்டு. வாசல் வரை வந்து திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளில் இதுவரை மூன்று கோடிக்கும் மேல் ஆண்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் போகப் போகச் சிறு வயதுப் பையன்களே அதிகம் வரத் தொடங்கினார்கள். எண்ணிக்கை காட்ட வேண்டிய அழுத்தம், பையன்களைக் கூட்டி வருவது சுலபம். அவர்களில் சிலருக்குச் சிறுநீர்க் குழாயில் ஓட்டை விழுந்தது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரையை 15 வயதும் அதற்கு மேலும் என்று மாற்றியது. உடல் பக்குவம் ஒரு காரணம், தானே யோசித்துச் சம்மதம் சொல்லும் வயது என்பது இன்னொன்று.

#10 தஞ்சை58

நானும் எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். என் வயது 58, சர்க்கரை வந்து 14 ஆண்டு. போன ஆண்டு மருந்தை மாற்றினார்கள், சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும் வகை மாத்திரை. சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டது. ஆனால் இரண்டாவது மாதத்தில் அந்த இடத்தில் அரிப்பு, முன்தோலில் வெடிப்பு வெடிப்பாகப் புண். தோல் இறுகி, பின்னால் தள்ளவே முடியாமல் ஆகிவிட்டது. சிறுநீர் போகும்போது மிளகாய்ப்பொடி தூவியது போல் எரியும். எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம் கூட. நானாகக் கடையில் களிம்பு வாங்கித் தடவினேன்.

கடைசியில் அறுவை மருத்துவரிடம் போனேன். அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டுச் சுன்னத் செய்தார்கள். எடுத்த தோலைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், புற்றுநோய் இல்லை என்று தாள் வந்த அன்றுதான் சோறு இறங்கியது. பத்து நாள் தளர்வான வேட்டியோடு வீட்டில் கிடந்தேன். இரவில் வலி அதிகம். ஒரு மாதத்தில் புது மனிதன் ஆகிவிட்டேன்.

குழந்தையிலேயே செய்திருந்தால் எனக்கு இந்த எட்டு மாத நரகம் இருந்திருக்காது. அதனால் குமரன் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். நம் ஊரில் இன்று வீட்டுக்கு ஒரு சர்க்கரை.

#11 டாக்டர்_செவ்வந்தி

ஐயா, வெளிப்படையாக எழுதியதற்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இதைப் படிக்கும் சர்க்கரைக்காரர்கள் பத்துப் பேராவது நாளை மருத்துவரிடம் போவார்கள். டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளில் அந்த இடத்தில் பூஞ்சைத் தொற்று வருவது தெரிந்த பக்கவிளைவு. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் மிக நல்ல மருந்துகள், பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுக்கும்போதே தினமும் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து வையுங்கள், அரித்தால் உடனே வாருங்கள் என்று சொல்ல வேண்டியது எங்கள் கடமை. உங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை என்று தெரிகிறது. எட்டு மாதம் போனது அதனால்தான்.

உங்களுக்கு நடந்தது சிகிச்சை. நோய் வந்த இடத்தில், வந்த வயதில், கேட்டுச் செய்தது. அது மிகச் சரி. 55 வயதில் வரக்கூடிய சர்க்கரைக்காகப் பிறந்த மறுநாளே தோலை எடுப்பது என்றால், அந்தப் பிள்ளைக்குச் சர்க்கரையே வராமல் தடுக்க என்ன செய்யலாம் என்று முதலில் பார்ப்போம்.

புற்றுநோய் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தையில் செய்தால் ஆணுறுப்புப் புற்றுநோய் குறைகிறது என்பது உண்மை. ஆனால் முன்தோல் இறுகிப்போய், கழுவ முடியாமல், அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடிப்பவர்களிடம்தான் அது அதிகம். பெரும் பங்குக்கு எச்பிவி காரணம். அமெரிக்காவில் அந்த வைரஸுக்கான தடுப்பூசியை 2011 முதல் பையன்களுக்கும் பரிந்துரைக்கிறார்கள். அதைப் போட்டுவிடுங்கள்.

#12 காயல்பிறை

காயல்பட்டினத்துக்காரன் நான். இழையை முதலிலிருந்து படித்தேன். ஒரு வேண்டுகோளோடு எழுதுகிறேன்.

எங்களுக்குச் சுன்னத் நோய்த்தடுப்புக்காக வந்ததில்லை. இப்ராஹீம் நபியின் வழி என்று செய்கிறோம். நாளையே ஓர் ஆய்வு வந்து இதனால் ஒரு நோயும் தடுக்கப்படுவதில்லை என்றாலும் செய்வோம். அதனால் எச்ஐவி குறைகிறது, புற்றுநோய் குறைகிறது என்று எங்கள் ஆட்களில் சிலர் மேடையில் பெருமை பேசும்போது எனக்கு ஒப்பாது. மார்க்கத்துக்கு ஆய்வுக்கூடத்தின் சான்றிதழ் எதற்கு? அதேபோல் ஆய்வைக் காட்டி இது காட்டுமிராண்டித்தனம் என்று சொல்பவர்களையும் ஏற்க முடியாது.

ஆனால் எனக்கு எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஏழு வயது. பட்டுச் சட்டை, மாலை, ஊர்வலம், உறவினர் கையில் காசு, எல்லாம் கல்யாணம் போல. அப்புறம் மாமா பின்னாலிருந்து கண்ணைப் பொத்தினார். மரத்துப்போகும் ஊசி எதுவும் கிடையாது. அந்த வலி 50 ஆண்டு கழித்தும் நினைவில் இருக்கிறது. புண்ணில் துணி படாமல் இருக்கக் கைலியின் நடுவில் கயிறு கட்டி மேலே தூக்கி வைத்திருப்பார்கள், அதற்குள் பத்து நாள் படுத்திருந்தேன். என் பேரனுக்கு மருத்துவமனையில், மருத்துவரே ஊசி போட்டுச் செய்தார். விழா கொஞ்சமும் குறையவில்லை. வலி மட்டும்தான் குறைந்தது. எங்கள் ஜமாஅத்துகளில் நான் போய்ப் பேசுவது இதைத்தான்.

கொள்ளிடத்தான் தம்பி, உங்களுக்கு இது கடமையில்லை. தேவை என்று மனதுக்குப் படாவிட்டால் செய்யாதீர்கள். செய்வதென்றால் குழந்தைக்கு வலிக்கு என்ன கொடுப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

#13 நாஷ்வில்_குமரன்

காயல் பாய் சொன்ன கடைசி வரியை அடிக்கோடிட விரும்புகிறேன். பிறந்த குழந்தைக்கு வலி தெரியாது என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. 1997இல் ஒரு கனடிய ஆய்வில், மயக்க மருந்தின்றிச் செய்யப்பட்ட குழந்தைகள் பட்ட வேதனையைப் பார்த்து, அந்தக் குழுவில் மேலும் குழந்தைகளைச் சேர்ப்பதையே நிறுத்தினார்கள். நரம்பைச் சுற்றி ஊசி போட்டுத்தான் செய்ய வேண்டும். சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது மட்டும் போதாது.

#14 ரைன்கரைப்பாரி

நான் ஜெர்மனியில், கோல்ன் நகருக்குப் பக்கத்தில் இருக்கிற ஈழத்தமிழன். இங்கே 2012இல் பெரிய பிரச்சினை நடந்தது. நாலு வயது முஸ்லிம் பிள்ளை ஒன்றுக்கு வைத்தியர் ஒருவர் பெற்றோர் கேட்டபடி செய்தார், இரண்டு நாளில் இரத்தம் கசிந்து பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. வழக்கு நீதிமன்றம் போனது. மருத்துவத் தேவை இல்லாமல் பிள்ளையின் உடலில் செய்கிற இந்தச் சத்திரசிகிச்சை உடற்காயம் விளைவிப்பதுதான், பெற்றோரின் சம்மதம் அதை நியாயப்படுத்தாது என்று மே மாதம் தீர்ப்பு வந்தது. சட்டம் தெளிவில்லாமல் இருந்தது என்று வைத்தியரை விடுதலை செய்தார்கள்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு யூதர்களும் முஸ்லிம்களும் ஒன்றாகத் தெருவுக்கு வந்தார்கள். ஜெர்மனியில் யூதச் சடங்கு ஒன்றைக் குற்றமாக்குவது என்றால் அதன் பாரம் என்ன என்று சொல்லத் தேவையில்லை. டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. மருத்துவ முறைப்படி செய்தால் பெற்றோர் சம்மதம் போதும், பிறந்து ஆறு மாதத்துக்குள் என்றால் பயிற்சி பெற்ற மதப் பொறுப்பாளரும் செய்யலாம்.

நான் அந்தச் சட்டத்தை ஆதரிக்கிறேன், மனச்சங்கடத்தோடு. தடை போட்டால் வைத்தியர் கையிலிருந்து போய் இருட்டு அறைக்குள் நடக்கும். ஆனால் மத நம்பிக்கை ஒன்றும் இல்லாத வீட்டில், வெறும் வழக்கத்துக்காகப் பிள்ளையை அறுப்பது எனக்கு விளங்கவே இல்லை. அமெரிக்காவில் இது எப்படித் தொடங்கியது என்று தெரிந்த யாராவது சொல்லுங்கோ.

#15 டாக்டர்_செவ்வந்தி

சுருக்கமாகச் சொல்கிறேன். 1870இல் நியூயார்க்கின் லூயிஸ் சேயர் என்ற எலும்பு மருத்துவர், நடக்க முடியாத ஐந்து வயதுப் பையனுக்கு முன்தோலை நீக்கினார். பையன் நடந்தான், அதனால்தான் குணம் என்று எழுதினார். பிறகு பக்கவாதம், வலிப்பு, இடுப்பு நோவு எல்லாவற்றுக்கும் இதுவே மருந்தானது. சுய இன்பத்தை நிறுத்தும் என்று கெல்லாக் போன்ற மருத்துவர்கள் சிபாரிசு செய்தார்கள், அதுவும் வலிக்க வேண்டும் என்பதற்காக மயக்க மருந்தில்லாமல். ஒவ்வொரு காரணமும் காலப்போக்கில் பொய்யானது. அறுவை மட்டும் நின்றது.

இங்கிலாந்தும் அதே பாதையில்தான் போனது. அங்கே 1949இல் டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற குழந்தை மருத்துவர் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்தார். பிறக்கும்போது நூற்றில் நான்கு பேருக்குத்தான் முன்தோல் முழுதாகப் பின்னால் போகிறது, அது நோயல்ல, இயற்கை என்று எழுதினார். இந்த அறுவையால் அந்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 16 பிள்ளைகள் இறப்பதையும் எடுத்துக் காட்டினார். புதிதாக வந்த அரசு மருத்துவச் சேவை இதற்குப் பணம் தரவில்லை. அங்கே வழக்கம் வேகமாக விழுந்துவிட்டது. அமெரிக்காவிலும் மெல்லக் குறைகிறது. மருத்துவமனையில் பிறந்த ஆண் குழந்தைகளில் 1979இல் 64.5 சதவீதம், 2010இல் 58.3. மேற்கு மாநிலங்களில் 40தான்.

#16 நெறியாளர்

ஒரு மதத்தைப் பழித்து வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். மற்றவர்கள் தொடருங்கள்.

#17 கொள்ளிடத்தான்

தகவல் சொல்ல வந்தேன். மகன் பிறந்துவிட்டான், ஏழே கால் பவுண்டு. தாயும் சேயும் நலம்.

கையெழுத்துப் போடவில்லை. மருத்துவமனையில் இருந்த இரண்டு நாளில் மூன்று பேர் வந்து கேட்டார்கள், மூன்று முறையும் மனைவியே வேண்டாம் என்றாள். காரணம் கேட்ட நர்ஸிடம், அவனுக்கு வேண்டுமென்றால் 18 வயதில் அவனே கேட்டுக்கொள்வான் என்றாள். இரண்டு பேருமே இப்போது தூங்குகிறோம், குழந்தை விடும் அளவுக்கு.

ஒரு புதுப் பிரச்சினை. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். குளிப்பாட்டும்போது, அந்த இடத்துத் தோலைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளி எண்ணெய் விட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும் என்கிறார். எனக்கும் அப்படித்தான் செய்தாராம். சரியா?

#18 டாக்டர்_செவ்வந்தி

வாழ்த்துகள்! அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லி, இதை மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தக் குளியல்தான் எனக்குப் பாதி நோயாளிகளை அனுப்பி வைக்கிறது. பிறந்த குழந்தைக்கு முன்தோல் உள்ளே ஒட்டித்தான் இருக்கும், நகக்கண்ணோடு தோல் ஒட்டியிருப்பது போல. இழுத்தால் கிழியும், கிழிந்த இடம் தழும்பாகி இறுகும், அப்புறம் உண்மையாகவே அறுவை தேவைப்படும். டென்மார்க்கில் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பார்த்து 1968இல் வெளியிட்ட ஆய்வில், ஆறேழு வயதில் நூற்றில் எட்டுப் பேருக்குத் தோல் இறுக்கமாக இருந்தது, 16, 17 வயதில் ஒருவருக்குத்தான். தானாக விலகும். வெளியே மட்டும் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். பின்னாளில் உள்ளே வெள்ளையாக முத்துப் போல் தெரிந்தால் சீழ் என்று பயப்படாதீர்கள், உதிர்ந்த தோல்தான் அது.

வளர்ந்த பிறகும் இறுக்கம் போகாவிட்டால் நான்கிலிருந்து எட்டு வாரம் ஸ்டீராய்டு களிம்பு தடவினாலே பெரும்பாலானோருக்குச் சரியாகிவிடும். கத்தி கடைசியில்தான்.

#19 நாஷ்வில்_குமரன்

வாழ்த்துகள் நண்பரே. என் வாதம் தோற்றதில் வருத்தமில்லை. ஆனால் நான் எழுதியதில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சுன்னத் செய்யாத பையனுக்கு முதல் ஆண்டில் சிறுநீர்த் தொற்று வாய்ப்புக் கொஞ்சம் அதிகம்தான். மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், சளிக் காய்ச்சல்தான் என்று வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. இரவு இரண்டு மணியானாலும் கூட்டிப் போங்கள். சுன்னத் செய்யவில்லை என்று நீங்களே சொல்லி, சிறுநீரைப் பரிசோதிக்கக் கேளுங்கள்.

#20 கொள்ளிடத்தான்

எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டேன். தெர்மாமீட்டரும் வாங்கியாகிவிட்டது.

டாக்டர், நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. உனக்கு வலித்திருக்குமோடா என்று கேட்டார். இன்று காலை குளியலுக்கு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தவர், தலைக்கும் கைகாலுக்கும் மட்டும் தடவிவிட்டுத் தண்ணீரை ஊற்றினார்.